முகத்தில் அக்கி வந்தால் பல்லையும் தாடையையும் கவனியுங்கள்

இந்தக் கைநூலின் மற்றப் பாடங்கள் வீடு, குடிநீர், ஆவணங்கள், நிவாரணக் கொடுப்பனவு ஆகியவற்றைப் பற்றியவை. இந்தப் பாடம் உங்கள் உடல்நலம் பற்றியது. முகத்தில் அக்கி வந்தவர்களில் மிகச் சிலருக்கு, புண் ஆறிச் சில வாரங்கள் கழிந்த பிறகு, நல்ல பற்களே ஆடி விழுவதும் தாடை எலும்பின் ஒரு பகுதி கெட்டுப்போவதும் உண்டு. இது அரிதாகத்தான் நடக்கிறது. ஆனால் அடையாளம் தெரிந்திருந்தால் காலத்தோடு வைத்தியரிடம் போகலாம். பல்லையும் எலும்பையும் பெருமளவு காப்பாற்றலாம்.

வாசிக்கத் தெரிந்த ஒருவர் இதை லயத்தில் உள்ள மற்றவர்களுக்கும், முக்கியமாக வயதானவர்களுக்கும், வாசித்துக் காட்டுங்கள்.

இப்போது இதை ஏன் சொல்கிறோம்?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைச்சரிவுகள் இடிந்தன. பல தோட்டக் குடும்பங்கள் லயங்களை விட்டுப் பாடசாலைகளிலும் கோயில் மண்டபங்களிலும் உறவினர் வீடுகளிலும் தங்க நேர்ந்தது. அப்படி வெளியே இருந்து திரும்பும்போது மூன்று விடயங்கள் ஒன்றாகச் சேர்கின்றன.

முதலாவது, ஒரே மண்டபத்தில் பலர் நெருக்கமாகத் தங்கும் இடத்தில் சின்னம்மை எளிதில் பரவும். இரண்டாவது, சீனி வருத்தம் உள்ளவர்கள் மருந்தை இடையில் விட்டிருக்கலாம்; கிளினிக் கொப்பியும் மண்ணோடு போயிருக்கலாம். மூன்றாவது, வீடு திருத்துவதும் வேலைக்குப் போவதுமாக இருக்கும்போது பல்வலியை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. வைத்தியசாலைக்குப் போனால் ஒரு நாள் பேர் போய்விடும் என்று கராம்பு வைத்து, பரசிற்றமோல் போட்டுச் சமாளிக்கிறோம். முக அக்கியைப் பொறுத்தவரை இப்படிக் கடத்தும் நாட்களில்தான் பாதிப்பு கூடுகிறது.

அக்கி என்பது என்ன?

சின்னம்மை, அதாவது கொப்புளிப்பான், வந்து ஆறிய பிறகும் அதன் வைரசு உடலை விட்டு முற்றாகப் போவதில்லை. முதுகெலும்பின் ஓரத்திலும் மண்டையோட்டின் அடியிலும் உள்ள நரம்புக் கணுக்களில் அது பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். வயது ஏறும்போதோ நோய் எதிர்ப்புச் சக்தி குறையும்போதோ அது மீண்டும் எழுந்து, ஒரே ஒரு நரம்பின் வழியாகத் தோலுக்கு வரும். அதுதான் அக்கி. ஆகவே சின்னம்மை வந்த எவருக்கும் பின்னர் அக்கி வரலாம். இங்கிலாந்தில் குடும்ப வைத்தியராக இருந்த எட்கர் ஹோப் சிம்சன் தம்மிடம் வந்த நோயாளர்களைப் பல ஆண்டுகள் கவனித்து, 1965 இல் இந்த விளக்கத்தை வெளியிட்டார்.

அக்கி நரம்பின் பாதையிலேயே வருவதால் உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும். இடப்பக்கம் வந்தால் நடுக்கோட்டோடு நின்றுவிடும். இந்த ஒரு பக்க அடையாளத்தை நினைவில் வையுங்கள். பல்வலியா அக்கியா என்று பிரித்தறிய இதுவே பெரிதும் உதவும்.

முகத்து நரம்பின் மூன்று கிளைகள்

முகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கிளைகளாகப் பிரியும் ஒரு பெரிய நரம்பு உண்டு. தொடு உணர்வும் வலியும் அதன் வழியாகவே தெரிகின்றன.

முதற்கிளை நெற்றி, கண், மூக்கு நுனி ஆகியவற்றுக்குப் போகிறது. முக அக்கி பெரும்பாலும் இந்தக் கிளையில்தான் வரும். மூக்கு நுனியில் கொப்புளம் கண்டால் கண்ணும் பாதிக்கப்படலாம். பார்வை போகக்கூடும் என்பதால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இரண்டாம் கிளை கன்னம், மேல் உதடு, மேல்வாய் அண்ணம், மேற்பற்கள் ஆகியவற்றுக்குப் போகிறது.

மூன்றாம் கிளை கீழ்த்தாடை, கீழ் உதடு, நாக்கு, கீழ்ப்பற்கள் ஆகியவற்றுக்குப் போகிறது.

இரண்டாம், மூன்றாம் கிளைகளில் அக்கி வருவது குறைவு. வந்தால் வாய்க்குள்ளும் புண் வரும். இந்தப் பாடத்தில் சொல்லப்படும் பல், தாடைப் பாதிப்புகள் இந்த இரண்டு கிளைகளோடுதான் தொடர்புடையவை.

பல்வலி போலத் தொடங்கலாம்

கொப்புளம் வருவதற்குச் சில நாட்கள் முன்பே வலி தொடங்கிவிடும். அந்த நாட்களில் தோலில் எதுவும் தெரியாது. வலி மட்டும் பல்லில் இருப்பது போலவே தோன்றும். இதனால் சொத்தையில்லாத நல்ல பல்லைப் பிடுங்கிய சம்பவங்கள் பல நாடுகளின் பல் வைத்திய இதழ்களில் பதிவாகியுள்ளன. பல்லைப் பிடுங்கியும் வலி போகாது. இரண்டு நாளில் கன்னத்தில் கொப்புளம் வந்த பிறகுதான் உண்மை தெரியவரும்.

சாதாரணப் பல்வலி பெரும்பாலும் ஒரு பல்லில் நிற்கும். குளிர்ந்த நீர், சூடான தேநீர், இனிப்பு பட்டால் கூடும். அந்தப் பல்லில் குழியோ, பக்கத்தில் வீக்கமோ தெரியும்.

அக்கியால் வரும் வலி வரிசையாகப் பல பற்களில், ஒரே பக்கத்தில் இருக்கும். எரிவது போலவும் மின்சாரம் பாய்வது போலவும் இருக்கும். அந்தப் பக்கத்துக் கன்னம், தலைத்தோல் அல்லது உதட்டில் ஊசி குத்துவது போன்ற உணர்வோ மரத்த உணர்வோ சேரும். முக்காட்டுத் துணி பட்டாலும் தாங்க முடியாது. சிலருக்குக் காய்ச்சலும் அசதியும் இருக்கும்.

இந்த அடையாளங்களை வைத்து வீட்டிலேயே முடிவெடுக்க வேண்டாம். இவற்றைப் பல் வைத்தியரிடம் சொல்லுங்கள். பல்லைப் பிடுங்க வேண்டும் என்று சொன்னால், “எந்தக் காரணத்துக்காக? எக்ஸ்ரேயில் அந்தப் பல்லில் பழுது தெரிகிறதா?” என்று பணிவாகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. காரணம் தெளிவாகத் தெரியாவிட்டால் ஓரிரு நாள் பொறுத்து மறுபடி பார்க்கலாமா என்றும் கேட்கலாம். பிடுங்கிய பல்லை மீண்டும் வைக்க முடியாது.

முதல் 72 மணித்தியாலங்கள்

கொப்புளம் கண்டதும் நேரத்தைக் கணக்கு வையுங்கள். அசைக்ளோவிர் என்ற வைரசு எதிர்ப்பு மருந்தை முதல் 72 மணித்தியாலங்களுக்குள், அதாவது மூன்று நாட்களுக்குள், தொடங்கினால் பலன் அதிகம். புதிய கொப்புளங்கள் குறையும். புண் விரைவாக ஆறும். வலியின் கடுமையும் குறையும். பெரியவர்களுக்கு வழக்கமாக நாளொன்றுக்கு ஐந்து தடவை, ஏழு நாட்கள் கொடுப்பார்கள். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு அளவு குறையும். எனவே அந்த நோய் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். மருந்து எடுக்கும் நாட்களில் தண்ணீர் நிறையக் குடியுங்கள். வலி குறைந்துவிட்டது என்று மூன்றாம் நாளிலேயே மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

மூன்று நாட்கள் கடந்துவிட்டாலும் போகாமல் இருக்க வேண்டாம். முகத்தில் வந்த அக்கிக்கும், புதிய கொப்புளங்கள் இன்னும் வந்துகொண்டிருப்பவர்களுக்கும் வைத்தியர் மருந்து கொடுக்கலாம். கடையில் வாங்கிப் பூசும் களிம்பு மட்டும் அக்கிக்குப் போதாது.

அக்கி எழுதுவது பற்றி

நம் தோட்டங்களில் அக்கி கண்டால் காவியால் எழுதும் வழக்கம் தலைமுறைகளாக உண்டு. அதில் உங்களுக்கு நம்பிக்கை இருந்தால் அதைக் குறைசொல்ல மாட்டோம். இரண்டு விடயங்களை மட்டும் கேட்டுக்கொள்கிறோம். அக்கி எழுதும் நாளிலேயே வைத்தியரையும் பாருங்கள். எழுதி முடித்து ஆறட்டும் என்று மூன்று நாட்களைக் கடத்த வேண்டாம். கண்ணுக்குப் பக்கத்திலும், உடைந்த கொப்புளத்திலும், வாய்க்குள்ளும் காவி, சாம்பல், பச்சிலைச் சாறு எதையும் பூச வேண்டாம். புண்ணில் வேறு கிருமி சேர்ந்தால் தழும்பும் சீழும் மிஞ்சும்.

பல்லுக்கும் தாடைக்கும் வரக்கூடிய பாதிப்புகள்

பற்களுக்கும் தாடை எலும்புக்கும் போகும் நரம்பின் கூடவே நுண்ணிய இரத்தக் குழாய்களும் போகின்றன. நரம்பில் ஏற்படும் அழற்சி இந்தக் குழாய்களுக்கும் பரவி இரத்த ஓட்டம் தடைப்படுவதே காரணம் என்று வைத்தியர்கள் கருதுகிறார்கள். இரத்தம் கிடைக்காத பகுதி மெல்ல மெல்லச் செத்துப்போகும். தண்ணீர்க் குழாய் அடைபட்டால் அந்த வரிசை லயத்துக்கு மட்டும் நீர் வராமல் போவது போல, அக்கி வந்த பக்கத்தில் மட்டும் இது நடக்கும்.

1. பல்லின் உயிர் போதல். பல்லுக்குள் இருக்கும் பற்கூழ் இறந்துவிடும். வெளியே பல் முழுதாக இருக்கும். நாளடைவில் நிறம் மங்கிக் கருக்கலாம், வேர் நுனியில் சீழ் பிடிக்கலாம். வேர்ச் சிகிச்சை செய்து இந்தப் பல்லைக் காப்பாற்ற வழி உண்டு.

2. பல் ஆடுதலும் விழுதலும். சொத்தையோ ஈறு நோயோ இல்லாத பல் ஆடத் தொடங்கும். சிலருக்கு அடுத்தடுத்து இரண்டு மூன்று பற்கள் வலியில்லாமலே கழன்று விழுந்துள்ளன.

3. தாடை எலும்பு கெடுதல். ஈறு விலகி, அடியில் மஞ்சளாக அல்லது சாம்பல் நிறமாகக் கடினமான எலும்பு தெரியும். வாயில் கெட்ட வாடை, சீழ், சில வேளை சிறு எலும்புத் துண்டு வெளிவருதல் ஆகியவை இருக்கும். இறந்த எலும்பை அகற்றிச் சுத்தம் செய்து, கிருமிக்கான மருந்தும் கொடுத்தால் பெரும்பாலும் ஆறிவிடும். கவனிக்காமல் விட்டால் எலும்பு இழப்பு கூடும்.

4. வளரும் பற்கள் குறைபடுதல். பிள்ளைகளுக்கு முக அக்கி வருவது அரிது. வந்தால் தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லின் வேர் குட்டையாகவோ வளராமலோ போகலாம். அத்தகைய பிள்ளையைப் பல் வைத்தியரிடம் காட்டித் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

5. நீங்காத நரம்பு வலி. புண் ஆறி மூன்று மாதம் கடந்தும் எரிவும் குத்தலும் நிற்கலாம். இது மற்றவற்றைப் போல அரிதல்ல; வயதானவர்களிடம் அதிகம் காணப்படுகிறது. இந்த வலியும் பல்வலி போலத் தோன்றுவதால் ஒவ்வொரு பல்லாகப் பிடுங்கச் சொல்லிப் போகிறவர்கள் உண்டு. பல்லைப் பிடுங்கினால் இது போகாது. நரம்பு வலிக்கென்றே மாத்திரைகள் உள்ளன.

முதல் நான்கையும் இந்தியா உட்படப் பல நாடுகளின் வைத்தியர்கள் தனித்தனி நோயாளரின் விபரங்களாகவே எழுதியிருக்கிறார்கள். அவ்வளவுக்கு அவை அரிதானவை. ஆகவே அக்கி வந்த எல்லோரும் பயப்படத் தேவையில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: பல் ஆடுவதும் எலும்பு தெரிவதும் பெரும்பாலும் கொப்புளம் காய்ந்து சில வாரங்கள் முதல் சில மாதங்கள் கழித்தே வெளிப்படுகின்றன. அப்போது அக்கியை நாம் மறந்திருப்போம். ஆடும் பல்லுக்கும் இரண்டு மாதத்துக்கு முன் வந்த அக்கிக்கும் தொடர்பு இருக்கும் என்று தோன்றாது. பல் வைத்தியரிடம், “இந்தப் பக்கத்தில்தான் எனக்கு அக்கி வந்தது, இந்த மாதத்தில் வந்தது” என்று நீங்களே சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை அவருக்குப் பெரிய உதவி.

யார் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்?

50 வயதைக் கடந்தவர்கள், சீனி வருத்தம் கட்டுப்படாமல் இருப்பவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள், மூட்டு வாதம், ஆஸ்துமா போன்றவற்றுக்கு நீண்ட நாள் ஸ்டெரொய்ட் மாத்திரை எடுப்பவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள். ஸ்டெரொய்ட் மாத்திரையைப் பயந்து திடீரென நிறுத்த வேண்டாம்; அதுவும் ஆபத்து.

இளவயதினருக்குக் கடுமையான அக்கி வந்தால் வைத்தியர் இரத்தச் சீனியும் எச்.ஐ.வி.யும் பரிசோதிக்கச் சொல்லலாம். இது யாரையும் சந்தேகிப்பதல்ல; வழக்கமான வைத்திய நடைமுறை. முடிவு இரகசியமாக வைக்கப்படும்.

வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுகிறவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். இலங்கை ஆண்களிடம் அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். வாயில் எந்தப் புண்ணும் மூன்று வாரத்துக்குள் ஆறவில்லை என்றால், “அக்கிப் புண்தான்” என்று நினைத்து இருந்துவிட வேண்டாம். காட்டுங்கள். அக்கி ஆறும் வரையாவது வெற்றிலையை நிறுத்துங்கள்.

வீட்டிலும் வேலையிலும்

அக்கிக் கொப்புளத்தின் நீர் பட்டால், முன்பு சின்னம்மை வராதவருக்குச் சின்னம்மை வரும். எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்கு ஆகும் வரை, அதாவது ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை, கர்ப்பிணித் தாய்மாரையும் கைக்குழந்தைகளையும் விட்டு விலகி இருங்கள். லயக் காம்பராவில் தனி அறை கிடைக்காது; தனிப் பாய், தனித் துவாய், தனிக் கோப்பை வைத்துக்கொண்டாலும் நல்லது. பிள்ளை மடுவத்தில் வேலை செய்பவர்கள் அந்த நாட்களில் போக வேண்டாம். சின்னம்மை வராத கர்ப்பிணி ஒருவர் உங்களோடு நெருங்கி இருந்திருந்தால் உடனே குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்.

நெற்றியிலோ தலைத்தோலிலோ கொப்புளம் இருக்கும்போது கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்ட வேண்டாம். கயிறு உரசினால் கொப்புளம் உடையும். வைத்தியரிடம் துண்டு வாங்கித் தோட்ட அலுவலகத்தில் கொடுத்து ஓய்வோ மாற்று வேலையோ கேளுங்கள்.

வாயில் புண் இருந்தாலும் வாயைச் சுத்தமாக வைத்திருப்பது முக்கியம். மென்மையான பல் தூரிகையால் மெதுவாகத் துலக்குங்கள். இளஞ்சூடான நீர் ஒரு தம்ளரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை கொப்பளியுங்கள். கஞ்சி, குழைந்த சோறு, பருப்பு, முட்டை போன்ற மென்மையான உணவைச் சாப்பிடுங்கள். உறைப்பையும் கொதிக்கும் தேநீரையும் தவிருங்கள். ஆடும் பல்லை நாக்காலும் விரலாலும் அசைக்க வேண்டாம். நூல் கட்டி இழுக்க வேண்டாம். கராம்பு எண்ணெயைப் புண்ணில் விட வேண்டாம், சுட்டுவிடும். சின்னம்மையோ அக்கியோ வந்த பிள்ளைகளுக்கு அஸ்பிரின் கொடுக்கக் கூடாது.

எங்கே போவது?

முதலில் தோட்ட மருந்தகத்தில் உள்ள வைத்திய உதவியாளரிடமோ பக்கத்து அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கோ போங்கள். கொப்புளம் எந்த நாளில் வந்தது என்று சொல்லுங்கள்.

பல் ஆடினால், எலும்பு தெரிந்தால், வாயில் சீழ் வந்தால் பல் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கத்தில் உள்ளவர்களுக்கு டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையும், நுவரெலியாவைச் சுற்றியுள்ளவர்களுக்கு நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையும் உள்ளன. தாடை எலும்புச் சிகிச்சை தேவைப்பட்டால், பேராதனைப் பல்கலைக்கழகப் பல் மருத்துவ பீடத்தோடு இணைந்த பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பலாம். ஹட்டனிலிருந்து நாவலப்பிட்டி வழியாகவும், நுவரெலியாவிலிருந்து புசல்லாவை வழியாகவும் கண்டிக்குப் போகும் பஸ்கள் கம்பளையைத் தாண்டிப் பேராதனை வழியாகவே போகின்றன. அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம்.

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸை அழையுங்கள், அல்லது கிடைத்த வாகனத்தில் போங்கள்:

• கண் சிவத்தல், பார்வை மங்குதல், மூக்கு நுனியில் கொப்புளம்
• முகம் ஒரு பக்கம் கோணுதல், காதில் கொப்புளத்தோடு கேட்கும் திறன் குறைதல்
• கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, தடுமாற்றமான பேச்சு
• வாய் திறக்க முடியாமை, விழுங்க முடியாமை, தாடை வீக்கத்தோடு காய்ச்சல்

கிளினிக் கொப்பி தொலைந்திருந்தாலும் போங்கள். புதிய கொப்பி போட்டுத் தருவார்கள். முடிந்தால் ஒரு தாளில் இவற்றை எழுதி எடுத்துப் போங்கள்: அக்கி வந்த திகதி, எந்தப் பக்கம், எடுத்த மருந்து, சீனி வருத்தம் போன்ற வேறு நோய், ஒவ்வாத மருந்து.

குடும்பமாகப் பேசிப் பாருங்கள்

கேள்வி: அம்மாவுக்கு வலப்பக்க மேற்பற்கள் நான்கிலும் எரிவு. கன்னத்தில் சீப்புப் பட்டாலும் வலி. பல்லில் குழி எதுவும் இல்லை. என்ன செய்ய வேண்டும்?
பதில்: அக்கியாக இருக்கலாம். பல்லைப் பிடுங்கச் சொல்ல வேண்டாம். வைத்தியரிடம் காட்டி, தினமும் கன்னத்தையும் அண்ணத்தையும் பாருங்கள். கொப்புளம் கண்டால் அன்றைக்கே மறுபடி போங்கள்.

கேள்வி: தாத்தாவுக்கு அக்கி ஆறி ஆறு வாரம். அதே பக்கத்தில் இரண்டு கீழ்ப்பற்கள் ஆடுகின்றன. வலி இல்லை. வயதுக்கு ஆடுவதுதானே?
பதில்: அப்படி விட்டுவிடக் கூடாது. வலி இல்லாமலும் எலும்பு கெடலாம். அந்த வாரத்திலேயே பல் வைத்தியரிடம் போய், அக்கி வந்ததைச் சொல்லுங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டு அக்காவுக்கு அக்கி. அவரிடமிருந்து எனக்கு அக்கி தொற்றுமா?
பதில்: அக்கி அப்படித் தொற்றாது. உங்களுக்குச் சின்னம்மை முன்பு வந்திராவிட்டால் சின்னம்மை தொற்றலாம். புண்ணை மூடி வைத்து, கை கழுவி, கஞ்சி வைத்துக் கொடுப்பதில் தடையில்லை. நீங்கள் கர்ப்பிணியாக இருந்தால் மட்டும் அந்த வேலையை வேறொருவரிடம் விடுங்கள்.

முக அக்கி ஆறியவர் உங்கள் வீட்டில் இருந்தால், அடுத்த மூன்று மாதத்துக்கு வாரம் ஒரு முறை வெளிச்சத்தில் அவருடைய வாயைத் திறந்து பாருங்கள். ஆடும் பல், விலகிய ஈறு, வெளியே தெரியும் எலும்பு, ஆறாத புண், கெட்ட வாடை ஆகிய ஐந்தையும் தேடுங்கள். ஒன்று தெரிந்தாலும் பல் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.